தூக்கம் வருகிறது என்று சொல்லத் தெரியாதவர்

வேதமாணிக்கத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பேருந்துக்கு நிற்கும்போதுகூடச் சட்டைப்பையிலிருந்து ஒரு கந்தல் துணியை எடுத்து நகக்கண்ணில் ஒட்டிய மையைத் துடைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் இருப்பதே கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் பக்கத்து வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருப்பார். இல்லையென்றால் யாருடைய சைக்கிளையாவது தலைகீழாக நிறுத்தி வைத்திருப்பார். விஸ்வநத்தத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் எந்தச் சாமான் கெட்டாலும் அவர் வாசலுக்குத்தான் வரும். கொஞ்சம் கட்டையைச் சாயுங்களேன் என்று யாராவது சொன்னால், “வேலை கிடைக்கிற மனுசனுக்கு என்னத்துக்குய்யா தூக்கம்?” என்பார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

ஆனைக்குட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல்காட்டு ஊரில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. மழை இல்லாத வருஷங்களில் பருத்தியும் இல்லை, மிளகாயும் இல்லை, கூலியும் இல்லை. அந்த நாட்களில் அப்பா ஊர்க்கோடியில் இருந்த கோயிலின் சுவர் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச் என்றாலும் கோயில்தான். காலையில் உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை கையை முழங்கால்மேல் போட்டபடி அப்படியே இருப்பார். ஒரு மனிதன் சும்மா இருக்கிறான் என்றால் அவன் வீட்டில் உலை வைக்கவில்லை என்று பொருள். வேதமாணிக்கம் சின்ன வயதில் படித்துக்கொண்ட பாடம் அதுதான். வேதபாடமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

சிவகாசிக்கு வந்து ஒரு அச்சகத்தில் ரோலர் துடைக்கிற வேலையில் சேர்ந்தவர், மெல்ல மெல்ல ஆஃப்செட் மெஷினை ஓட்டுகிறவர் ஆனார். அந்த அச்சகத்தில் பெரும்பாலும் தினசரி காலண்டர் வேலை. ஆடி பிறந்தால் சீசன் தொடங்கிவிடும். மார்கழி வரை மெஷின் நிற்காது. ஊர் உலகத்துக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பில் அடித்துக் கொடுத்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மேற்பார்வை பார்த்த ஊர்க்காவலன் என்பவர், “ஏலே மாணிக்கம், நாளைக்கு வாரியா?” என்று கேட்பார். இவர் ‘வரல’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அவர் மனைவி பொன்மணி வேறு மாதிரி. அவள் விஸ்வநத்தத்திலேயே பிறந்தவள், மாரியம்மன் கும்பிடுகிற குடும்பம். பாவாடை கட்டிய வயதிலிருந்து தீப்பெட்டி வேலை, பிறகு பட்டாசு வேலை. வேதமாணிக்கத்தைப் பிடித்துப்போய்க் கட்டிக்கொள்ள வந்தபோது ஞானஸ்நானம் எடுத்தாள். அதற்கு முன்பு நடந்த வகுப்பில், கடவுள் ஆறு நாள் வேலை செய்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று கேட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாளாம்.

“சாமியே உக்காந்துட்டாரா? அப்ப நம்மளும் உக்காரலாம்ல?”

மற்றதெல்லாம் அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. இது மட்டும் அன்றைக்கே புரிந்துவிட்டது. வாரம் முழுக்க அலுமினியப் பொடி ஏறிப் பளபளத்துக்கொண்டிருக்கும் கைகளைச் சனிக்கிழமை சாயங்காலம் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு புருஷன் ஊர்க் கோயிலில் உட்கார்ந்திருப்பதுதான் அவளுக்கு வாரத்திலேயே பெரிய சந்தோஷம். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவரான புருஷன் அந்த நாளை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு நிற்பதுதான் அவளுக்கு ஆறாத குறை.

கல்யாணமாகி வெகுநாள் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. ஜெபக்கனி என்று பேர் வைத்தார்கள். வீட்டில் கனி. வாய் ஓயாமல் பேசுவாள். பேச ஆள் இல்லையென்றால் பாடுவாள். அப்பாவோடு டிவிஎஸ்ஸில் போகும்போது முன்னால் கால் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, கைப்பிடியின் நடுவில் பிடித்துக்கொள்வாள். அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவில் அவளுக்கென்று ஒரு அறை இருப்பதுபோல இருக்கும். அங்கிருந்து, வருகிற லாரி, போகிற ஆடு, எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வருவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் வேதமாணிக்கத்தின் சொந்த ஊர்க் கோயிலுக்கு, சபையை நடத்த, மாசிலாமணி என்ற புது உபதேசியார் வந்தார். சின்ன வயது. சபையைச் சரிப்படுத்திவிட வேண்டும் என்ற துடிப்பு. ஞாயிறு வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். வெளியூரில் குடியிருக்கிறவர்களையும் விடமாட்டார். அப்படி ஒரு நாள் சைக்கிளை மிதித்துக்கொண்டு அச்சக வாசலுக்கே வந்துவிட்டார். கையில் மையோடு வெளியே வந்த வேதமாணிக்கத்தை மற்ற வேலையாட்கள் பார்க்கப் பார்க்கக் கேட்டார்.

“அண்ணாச்சி, ஆறு நாள் முதலாளிக்குக் குடுக்கிறீங்க. ஒரு நாள ஆண்டவருக்குக் குடுக்கக் கூடாதா? அது அவரு நாளு. நம்ம எடுத்துக்கிட்டா அதுக்கு என்ன பேரு?”

வேதமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். திருட்டு என்கிற சொல்லை உபதேசியார் வாயால் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். பொன்மணி பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து அழுதாள்.

“சபையில எல்லாரும் என்னைத் திரும்பிப் பாக்காக. எனக்கு அதுகூடப் பெருசில்ல. அடுத்த மாசம் அறுப்புப் பண்டிகையில பிள்ளை முன்னாடி நின்னு பாடப்போறா. அன்னைக்காவது வருவீகளா?”

“வாரேன்” என்றார்.

கனி அதை நம்பவில்லை. “சத்தியமா?” என்று உள்ளங்கையை நீட்டினாள். அவர் கையில் மை இருந்தது. மணிக்கட்டால் தட்டிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த காலம் அது. ஆனால் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் கழுத்தைப் பிடித்தது. சனிக்கிழமை காலையில் ஞாயிறு லீவு கேட்டபோது ஊர்க்காவலன் மறுக்கவில்லை. கணக்குப்படிதான் பேசினார்.

“தாராளமாப் போ. ஆனா திங்கக்கிழமை லோடு ஏறணும்லே. சனிக்கிழமை ராத்திரியும் சேத்து நின்னு முடிச்சிரு. ஞாயித்துக்கிழமை உன் நாளு. நான் கூப்பிடவே மாட்டேன்.”

ஏற்கெனவே வெள்ளிக்கிழமை இரவும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இருந்தாலும் சரி என்றார். சனி இரவும் நின்றார். ஞாயிறு வெயில் ஏறும்போது மெஷினைக் கழுவிவிட்டு வெளியே வந்தார். முடித்துவிட்டோம் என்ற திருப்தியில் தெருமுனையில் ஒரு டீ குடித்தார். உடம்பு எடையே இல்லாததுபோல இருந்தது. அதையும் சந்தோஷம் என்றே நினைத்துக்கொண்டார்.

வீட்டில் பொன்மணி பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பாவாடை, மஞ்சள் ரிப்பன். மூலையில் பண்டிகைக்குப் படைக்க ஒரு பூசணிக்காயும், கோயிலுக்காக நடக்கும் ஏலத்துக்குக் கொடுக்கக் காலைக் கட்டிப் போட்ட ஒரு வெள்ளைச் சேவலும் இருந்தன. உள்ளே வந்த புருஷனைப் பொன்மணி நிமிர்ந்து பார்த்தாள். கண் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது.

“செத்த நேரம் படுக்கீகளா?”

“படுத்தா ஆராதனை போயிரும்.”

“அப்பப் பஸ்ஸுல போவமா?”

“பஸ்ஸுக்கு நின்னு, இறங்கி நடந்து… பிள்ளை பாட்டு முடிஞ்சிரும். நான் குளிச்சிட்டு வந்திருதேன்.”

கனி சடையை அம்மாவின் கையில் விட்டுவிட்டுத் திரும்பினாள். “எப்பா, முன் வரிசையில உக்காரணும். பின்னாடி உக்காந்தீகன்னா எனக்கு உங்களத் தெரியாது.”

“முன்னாடியே உக்காருதேன்.”

பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டார். அவருக்குத் தூக்கம் வந்தது. எத்தனையோ வருஷமாகத் தள்ளிவைத்த தூக்கம் அன்றைக்கு மொத்தமாக வந்து வாசலில் நின்றதுபோல வந்தது. ‘எனக்குத் தூக்கம் வருது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு அந்த வாக்கியம் வாயில் வந்து பழக்கமில்லை.

பொன்மணி பின்னால் பூசணிக்காயை மடியிலும் சேவலைக் கையிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கனி முன்னால் ஏறி நின்றாள். திருத்தங்கல் தாண்டியதும் பாட்டைப் பாடிப் பார்க்க ஆரம்பித்தாள். தப்பு வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து பாடினாள். கார்த்திகை மாதத்து இளவெயில். மழை பெய்து காடெல்லாம் பச்சையாக இருந்தது. காற்று முகத்தில் இதமாக மோதியது.

ஆனைக்குட்டத்துக்குத் திரும்புவதற்கு முன்னால் ஓடைக்கு மேலே ஒரு சின்னப் பாலம் உண்டு. பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. வேதமாணிக்கத்துக்கு நினைவில் நின்றது அவ்வளவுதான்.

விழித்தபோது ஈரக் கரிசல் மண்ணில் கிடந்தார். உடம்பில் பெரிய காயம் ஒன்றும் இல்லை. பொன்மணி ஒரு கையைத் தரையில் ஊன்ற முடியாமல் இன்னொரு கையால் தவழ்ந்து பாலத்துச் சுவரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். காலைக் கட்டிய சேவல் சாலையில் சிறகடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரடியில் மஞ்சள் பாவாடை தெரிந்தது.

அந்த வழியாக வந்த பால்வண்டிக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு விருதுநகருக்கு ஓட்டினார். கனி அப்பாவின் மடியில் இருந்தாள். ஒரு தடவை கண்ணைத் திறந்தாள். ஏதோ சொல்ல வந்ததுபோல உதடு அசைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அதே நேரத்தில் கோயிலில் பிள்ளைகளெல்லாம் வரிசையாக நின்று அந்தப் பாட்டைப் பாடி முடித்திருந்தார்கள். கனி வரவில்லை, இந்த வாரமும் அவள் அப்பா ஏமாற்றிவிட்டார் போலிருக்கிறது என்று பெண்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்களாம்.

மறுநாள் அடக்கம். பண்டிகைக்குக் கட்டிய வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும் கோயிலில் அப்படியே இருந்தன. உபதேசியார் மாசிலாமணி கல்லறைக் குழிக்குப் பக்கத்தில் நின்று ஜெபத்தை ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். முடியவில்லை. சபையில் இன்னொருவர் முன்னால் வந்து மீதியைச் சொல்லி முடித்தார். வேதமாணிக்கம் அழவில்லை. மண் தள்ளுகிறவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். கடைசிவரை அவரே தள்ளினார். சும்மா நிற்க அவருக்கு அப்போதும் தெரியவில்லை.

சொந்தக்காரர்கள் அவரைக் காப்பாற்ற நினைத்தார்கள். வந்து கேட்கிறவர்களிடமெல்லாம், “நாய் குறுக்க வந்துட்டு” என்றார்கள். மூலையில் உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கித் திருத்தினார்.

“நாய் வரல. நான் தூங்கிட்டேன்.”

கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் வேலைக்குப் போனார். முன்பு வருகிற ஷிப்டைப் பார்த்தார் என்றால், இப்போது எல்லா ஷிப்டையும் பார்த்தார். வீட்டுக்கு வந்தாலும் படுக்கமாட்டார். படுத்தால் பாட்டு கேட்கும், பிறகு நின்றுவிடும். நிற்கிற இடத்தில் தூக்கிப்போட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். கண்ணை மூடினால் யாராவது செத்துப்போவார்கள் என்று உடம்புக்குத் தோன்றிவிட்டது. அதனால் உட்கார்ந்தே இருந்தார்.

பொன்மணியின் முறிந்த வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடிற்று. கம்பெனி திறந்ததும் அவளும் வேலைக்குப் போனாள். கை ஓடவில்லை. இருந்தாலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அன்றைக்கும் வீட்டுக்குத் தீப்பெட்டி அட்டைகளை வாங்கிவந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற நாள் அவளுக்கு இல்லாமல் போயிற்று. உட்கார்ந்தால் நினைப்பு வந்தது.

ஒரே வீட்டில் இரண்டு பேரும் வேலை செய்துகொண்டே இருந்தார்கள். சாப்பாடு எடுத்து வைப்பாள், சாப்பிடுவார். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தார்.

“ஏ பொன்மணி. என்னை ஏதாவது சொல்லிரு.”

அவள் தலையைத் தூக்கவில்லை. “என்னத்தச் சொல்ல?”

“பிள்ளையக் கொன்னுட்டேன்னு சொல்லு. ஏசிரு. அடி.”

பசை தோய்ந்த விரலைச் சேலையில் துடைத்தாள். பிறகு சொன்னாள்.

“தூங்கினதுக்கு நான் கோவப்படலங்க. ரெண்டு ராத்திரி நின்ன மனுசன் தூங்கத்தான் செய்வான். தூக்கம் வருதுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. நான் உங்க பொண்டாட்டிதான? எங்கிட்டக்கூடச் சொல்லலியே.”

“சொல்லத் தெரியல, பொன்மணி.”

“நானும் பாத்தேன். கண்ணு செக்கச்செவேல்னு இருந்துச்சு. பாத்துட்டு, ரிப்பன் கட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க கோயிலுக்கு வாரீகங்கிற சந்தோசம். அந்தச் சந்தோசத்துல வாய மூடிக்கிட்டேன்.” கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டாள். “படுங்க, பாட்டு கிடக்கு, அடுத்த வருசம் பாடுவான்னு நான் சொல்லிருக்கணும்ல?”

அன்றைக்குத்தான் அவர் அழுதார். அவளும் அழுதாள். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழவில்லை. அவர் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவள் அட்டைகளுக்கு நடுவிலேயே இருந்தாள்.

உபதேசியார் மாசிலாமணி பல தடவை விஸ்வநத்தம் வரை வந்து, தெருவிலேயே திரும்பிப் போயிருக்கிறார். தை மாதம் ஒரு மத்தியானம்தான் துணிந்து வீட்டுக்குள் வந்தார். வேதபுத்தகம் கையில் இல்லை. ஆள் மெலிந்திருந்தார். பொன்மணி தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

“அண்ணாச்சி, நான் ஜெபம் பண்ண வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க முதலாளி ஆறு நாள் ஷிப்ட் போட்டாரு. நான் ஏழாவது நாளுக்கு ஒரு ஷிப்ட் போட்டேன். வராதவன் திருடன்னேன். ஆண்டவர் ஓய்வுன்னு குடுத்தத நான் வேலையா மாத்தி உங்க தலையில வச்சுட்டேன்.”

பொன்மணிதான் கேட்டாள்.

“அப்ப ஏன்யா ஆண்டவர் பாத்துக்கிட்டு இருந்தாரு? நாங்க அவர் கோயிலுக்குத்தான போனோம்?”

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டப் பேச எனக்குத் தைரியம் இல்ல.”

செம்பைக் கையில் திருப்பிக்கொண்டே அவர் மறுபடி பேசினார். “வேதத்துல ஒரு தீர்க்கதரிசி, போதும் ஆண்டவரே, என் உசுர எடுத்துக்கிரும்னு வனாந்தரத்துல ஒரு செடிக்கடியில விழுந்து கிடப்பாரு. ஆண்டவர் அப்ப அவரை ஒரு கேள்வி கேக்கல. தூதன அனுப்பி அப்பமும் தண்ணியும் வச்சு எழுப்பினாரு. சாப்பிட்டுட்டு அந்த மனுசன் திரும்பப் படுத்துக்கிட்டாரு. ஆண்டவர் அவரைத் தூங்க விட்டுட்டாரு. இந்தக் கதைய எம்புட்டோ தடவ பிரசங்கம் பண்ணிருக்கேன். தூங்க விட்டாருங்கிறது இப்பத்தான் என் கண்ணுல படுது. அண்ணாச்சி, நீங்க கோயிலுக்கு வர வேண்டாம். நான் கூப்பிட வரல. நீங்க தூங்கணும். அம்புட்டுத்தான்.”

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். போன பிறகு வேதமாணிக்கம், “நல்ல மனுசன்தான்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் தூங்கிவிடவில்லை. உடம்பே ஒரு நாள் அவரை உட்காரவைத்தது. மெஷினில் தாள் சிக்கியது. நிறுத்தாமல் கையை உள்ளே விடப் போனார். ஊர்க்காவலன் பாய்ந்து வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ஏலே! கை போயிருக்கும்லே! உனக்கு என்ன ஆச்சு?”

வேதமாணிக்கம் அவரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது.

“தூக்கம் வருது, ஊர்க்காவலா.”

ஊர்க்காவலனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அந்தச் சனிக்கிழமை தான் பேசிய கணக்கு அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஒரு ஆட்டோவைப் பிடித்து, தானும் ஏறிக்கொண்டு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

பகல் வேளை. கை வீங்கியதால் பொன்மணி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அட்டைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பாயை விரித்தாள். அவர் உட்கார்ந்தார், படுக்கப் பயந்தார்.

“கண்ண மூடினா நீயும் போயிருவன்னு இருக்கு.”

“நான் எங்கயும் போகல. இங்கனயே இருக்கேன். படுங்க.”

அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்து, கோணிய கையை அவர் மார்பில் வைத்துக்கொண்டாள். அந்தக் கை ஏறி இறங்குவதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பார்க்கவில்லை. தூங்கிவிட்டார். குழாயில் தண்ணீர் வந்து தெருவில் குடங்கள் மோதின. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போயின. அவள் கையை எடுக்கவில்லை. அவளுக்கும் சும்மா உட்கார்ந்திருந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அவர் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தூங்கி எழுந்த முகத்தில் ஒரு கணம் நிம்மதி இருந்தது. “கனி எங்க?” என்று கேட்டார். கேட்ட வாய் மூடுவதற்குள் நினைவு வந்துவிட்டது. அந்த முகம் மாறியதைப் பொன்மணி பார்த்தாள். அதைப் பார்ப்பதைவிட அவர் தூங்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் எழுந்து போகவில்லை. அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனதே இல்லை. அடுத்த சீசனில் முதலாளி அவரைப் பெரிய மெஷினிலிருந்து எடுத்து, தாள் வெட்டுகிற பக்கம் போட்டுவிட்டார். அதற்கு அவர் வருத்தப்படவில்லை. வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டார். ராத்திரி ஷிப்ட் முடித்து வண்டிச் சாவியோடு வெளியே வருகிற ஆட்களை வாசலில் மறித்து நிற்பார். “சாவியக் குடுய்யா. உள்ள போய்ப் படுத்துட்டு அப்புறம் போ.” தாள் கட்டுகளின் மேலுறைகளைக் கிடங்கில் விரித்து அவரே படுக்கை போட்டுக் கொடுப்பார். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். பலர் படுப்பார்கள். ஊர்க்காவலன் அதைக் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவார்.

இரண்டு வருஷம் கழித்து, பொன்மணி தானாக ஒரு நாள், “கோயிலுக்குப் போவமா?” என்று கேட்டாள். பஸ்ஸில் போனார்கள். அந்தப் பாலம் வந்தபோது அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பார்க்காமலிருக்க அவரால் முடியவில்லை. கல்லறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஆராதனைக்கு உள்ளே போகாமலே திரும்பிவிட்டார்கள். அடுத்த தடவை உள்ளே போனார்கள். சில வாரம் போவார்கள். சில வாரம் வீட்டிலேயே படுத்திருப்பார்கள். மாசிலாமணி ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் மறுபடி அறுப்புப் பண்டிகை வந்தது. அன்றைக்கு, ஆண்டவர் தங்களுக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று உபதேசியார் அறிவித்தார். ஒருவர் தனக்கு நோய் குணமானதைச் சொன்னார். ஒரு பெண் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னாள். சபையார் ஆமென் சொன்னார்கள். பிறகு ஆண்கள் பக்கத்திலிருந்து வேதமாணிக்கம் எழுந்தார். பொன்மணிக்கே அது தெரியாது. முன்னால் போகவில்லை, இருந்த இடத்திலேயே நின்று பேசினார்.

“என்கிட்டச் சாட்சின்னு ஒண்ணும் இல்ல. என் பிள்ளை போயிட்டா. ஆண்டவர் எதுக்கு விட்டாருன்னு எனக்குத் தெரியல. இன்னைக்கு வரைக்கும் கேக்கேன். பதில் வரல. அவரு ஓய்வு எடுங்கன்னு சொன்னதக் கேக்காத ஆளு நான். ஞாயித்துக்கிழமைய மட்டும் அவருக்குக் குடுத்துட்டாப் போதும்னு நினைச்சேன். உடம்பும் அவரு குடுத்ததுதான்னு தோணல.” பெண்கள் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். “உங்களுக்குத் தூக்கம் வந்தா வீட்டுல சொல்லுங்க. முதலாளிகிட்டச் சொல்லுங்க. வாய்விட்டுச் சொல்லுங்க. அன்னைக்குக் கோயிலுக்கு வராட்டியும் பரவாயில்ல. பிள்ளைக வீட்டுல உசுரோட இருக்கும்ல.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. உபதேசியார் பீடத்துக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். வெளியே ஏலத்துக்குக் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து பொன்மணி எழுந்தாள். நடுவிலிருந்த வழியைக் கடந்து ஆண்கள் பக்கம் வந்தாள். அந்தக் கோயிலில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. வரிசையிலிருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். புருஷனுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.